பங்குனியில் விடைபெறும் விருந்தினர்

சென்ற இதழில் இப்பகுதியைப் படித்த ஒரு தாய், தம் மகனின் கேள்வி ஒன்றை நமக்கு எழுதியனுப்பியிருந்தார். ஆறாம் வகுப்பில் பயிலும் அச்சிறுவன், பள்ளிக்குச் செல்லும் வழியில் ஊர்க் கண்மாயில் வாத்துக் கூட்டம் ஒன்றை நாள்தோறும் கண்டு வந்தானாம். சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு நாள் காலை அக்கூட்டத்தைக் காணவில்லை. ‘யாராவது சுட்டுவிட்டார்களா, அம்மா?’ என்பது அவன் கேள்வி.

இல்லை, தம்பி, அவை தம் ஊருக்குத் திரும்பிவிட்டன. இதுவே நமது விடை. ஆயினும் இவ்வளவோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஏனெனில் அவை எப்போதும் தாமாகவே புறப்பட்டுச் செல்வதில்லை. ஒருமுறை நாமே அவற்றை விரட்டியிருக்கிறோம். அதனைச் சற்றுப் பின்னர்க் கூறுவோம்.

மாசி கழிந்துவிட்டால் நம் பக்கத்துக் கண்மாய்கள் வேறொரு முகம் கொள்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கலுங்கு வழியே வழிந்த நீர், மடை திறந்து வயலுக்குப் போனது போக, வெயில் உறிஞ்சியது போக, நடுப்பள்ளத்தில் ஒடுங்கி நிற்கும். நீர் விலகிய இடமெல்லாம் சேறு. சேற்றின் விளிம்பில் கோரை. அதற்கு அப்பால் கருவேல மரங்கள், அவற்றை நெருக்கிக் கொண்டு சீமைக் கருவேலம். விருதுநகரிலிருந்து சிவகாசி செல்வோர் ஆமத்தூர்ப் பக்கம் இத்தகைய காட்சியைப் பலமுறை கண்டிருப்பர். கண்டும், ‘கண்மாய் வற்றிவிட்டது’ என்பதற்கு மேல் அதிற் காண ஒன்றுமில்லையென்று கண்ணை மூடியிருப்பர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே மூடியிருந்தவர்தாம்.

உண்மையில், ஆண்டு முழுவதிலும் அக்கண்மாய் பரபரப்பாக இருக்கும் வாரங்கள் இவையே. சேற்றில் இறங்கி நிற்பவை உள்ளான் இனங்கள். சாம்பல் பழுப்பு முதுகில் வெண்புள்ளி தெளித்தது போன்றிருப்பது பொறி உள்ளான். வாலை ஓயாது ஆட்டிக்கொண்டு தனித்துத் திரிவது சாதாரண உள்ளான். இவற்றின் காலடியில், எலிக்குஞ்சுகள் ஓடுவதைப் போல ஓடித் திரிவது கொசு உள்ளான். மூன்று தீப்பெட்டிகளைக் கையில் வைத்தால் எவ்வளவு கனமோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் கனம். நீர்ப்பரப்பில் மிதப்பவற்றுள் பெரும்பாலானவை நீலச்சிறகிகள். நம் ஊரார் கிளுவை என்று பொதுப்படக் கூறும் சிறு வாத்துகளில் இதுவும் ஒன்று. ஆணின் கண்ணுக்கு மேல், பட்டையாகச் சுண்ணாம்பு தீற்றியது போல் ஒரு வெண்கோடு வளைந்திறங்கும். கார்த்திகையில் வந்தபோது ஆணும் பெண்ணும் ஒரே மங்கல் நிறமாக இருந்திருக்கும். இப்போது பங்குனியிலோ ஆண் பறவை மணக்கோலம் பூண்டு நிற்கிறது. ஊசிவால் வாத்தும், அகன்ற அலகுடைய ஆண்டி வாத்தும் சில ஆண்டுகளில் உடன் காணப்படும்.

கருவேல மரங்களுக்குள் நுழைந்தால் மற்றோர் உலகம். மாங்குயில் ஒன்று மஞ்சள் மின்னலாகக் கடந்து செல்லும். கிளை நுனியில் பழுப்புக் கீச்சான் முறைத்துக் கொண்டு அமர்ந்திருக்கும். மாலை மங்கும் வேளையில், புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று கேட்குமாயின் அது ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் அநேகமாக அந்நேரத்திற்கே ஒலிப்பதால் அப்பெயர் பெற்றது. இமய அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரிக்கும் அப்பறவை, குளிர் காலத்தைக் கழிக்கவே இங்கு வருகிறது. ஒன்பது நிறங்கள் உடையதென்று வடநாட்டார் அதனை அழைப்பர். நம்மவரோ கடிகாரத்தைக் கொண்டு பெயரிட்டனர். இரண்டில் நம்முடையதே சிறந்ததென்று நமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் நிறத்தைக் காண்பவர் சிலர், குரலைக் கேட்பவர் பலர்.

இங்கே ஒரு திருத்தம் கூற வேண்டும். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை ஆகிய பெரும் பறவைகளைக் கண்டதும் செய்தித்தாள்கள் ‘ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விருந்தாளிகள்’ என்றெழுதுவது வழக்கம். அவை நம் நாட்டுப் பறவைகளே. நீரும் மீனும் உள்ள இடம் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் செல்பவை. கடல் கடந்து வந்தவை என்றால்தான் நமக்கு மதிப்பு வரும் போலும்! உண்மையாகவே தொலைதூரம் கடந்து வருபவையோ, நம் கண்ணில் படாத இச்சிறு வாத்துகளும் உள்ளான்களும்தாம். நீலச்சிறகி கூடு கட்டுவது ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களிலிருந்து சைபீரியா வரை பரந்த பகுதியில். இங்கிருந்து 4,000, 5,000 கிலோமீட்டர். கொசு உள்ளானின் தாயகம் அதற்கும் வடக்கே, மரமே முளைக்காத வடதுருவ ஓரத்துத் தூந்திர நிலம்; 6,000 கிலோமீட்டருக்கும் மேல். நம் கரிசல் காட்டின் மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளி தேடும் பூனைப்பருந்துகளுள் சில, கசகஸ்தானின் புல்வெளிகளில் பிறந்தவை. சோளக் கதிர் பழுத்த காலத்தில் மேகம் போல் வந்திறங்கும் சூறைக்குருவிகளும் மத்திய ஆசியாவினவே.

தமிழர் இதனை அறியாதவரல்லர். மதுரைத் தெருவில் குளிரில் நடுங்கி நின்ற சத்திமுத்தப் புலவர், துணையோடு பறந்த செங்கால் நாரையை விளித்துத் தம் மனைவிக்குத் தூது சொன்ன பாட்டைப் பள்ளியில் படித்தோமன்றோ? தென்கோடியில் காலம் கழித்த நாரை பின்பு வடக்கு நோக்கித் திரும்பும் என்பதை அப்பாடல் தெளிவாகவே அறிந்திருக்கிறது. வானத்து நாரையும் தகைவிலானும் தம் வருகையின் காலத்தை அறிந்திருக்கின்றன என்று எரேமியா இறைவாக்கினரும் தம் மக்களுக்குச் சுட்டிக் காட்டினார். மதுரையிலும் எருசலேமிலும் மனிதர் ஒரே வானத்தைத்தான் அண்ணாந்து பார்த்திருக்கின்றனர்.

புறப்படும் நாளை இவற்றிற்கு யார் அறிவிப்பது? வட நாடுகளில் பகற்பொழுது நீள்வதும் குறைவதும் பெரிய அளவில் நிகழும். நம் பக்கத்திலோ அவ்வேறுபாடு மிகச் சிறிது. ஜெர்மானிய அறிஞர் எபர்ஹார்ட் குவின்னர், சிறு கதிர்க்குருவிகளை ஒளியும் இருளும் மாறாத ஓர் அறையில் ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்தார். வெளியுலகின் பருவம் எதுவும் தெரியாத அப்பறவைகளும், உரிய காலம் வந்ததும் உடலில் கொழுப்பேற்றி, இரவு முழுவதும் உறங்காமல் கூண்டுக்குள் துள்ளிக்கொண்டிருந்தன. ஆண்டு என்னும் கடிகாரம் அவற்றின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலானவை இரவிலேயே பயணம் செய்கின்றன. விண்மீன்களும், மறையும் கதிரவனின் ஒளியும், பூமியின் காந்தப் புலமும் அவற்றிற்கு வழி காட்டுகின்றன.

நம் நாட்டில் இதனை முறையாக ஆராயத் தொடங்கியவர் சாலிம் அலி. 1959-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, பறவைகளின் கால்களில் எண்ணிட்ட வளையம் மாட்டும் பணியை மேற்கொண்டது. பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து வருகின்றனவா என்று அறிவதே முதல் நோக்கம். நம் கோடியக்கரையும் அப்பணியின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாயிற்று. வளையம் மாட்டிய பறவை ஒன்று வேற்று நாட்டில் அகப்பட்டால், அவ்வெண்ணைக் கொண்டு அதன் பாதை புலப்படும்.

ஆனால் நாம் கூற வந்தது பாதையைப் பற்றியன்று. பாதைக்கு முந்திய சோற்றைப் பற்றி. நெடும்பயணம் செல்பவர் கட்டுச்சோறு கட்டுவது போல, இப்பறவைகள் புறப்படுமுன் சில வாரங்கள் ஓயாது உண்கின்றன. சில இனங்கள் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக் கொள்ளும். அவ்வளவும் கொழுப்பு, அதுவே எரிபொருள். வற்றும் கண்மாயின் சேற்றில் புழுவும் பூச்சியும் நத்தையும் கைக்கெட்டும் ஆழத்தில் மலிந்திருப்பதால், பங்குனிச் சேறு அவற்றிற்கு நிறைந்த களஞ்சியம். அந்த வாரங்களில் ஓர் இரவு அவற்றைக் கலைத்தால், சேர்த்து வைத்ததில் ஒரு பங்கு வீணாகச் செலவாகிறது. மேலும் ஒரு முறை கலைத்தால் மேலும் ஒரு பங்கு. ஈடு செய்ய நாளும் இராது, சேறும் காய்ந்திருக்கும்.

இனி நமது குற்றத்திற்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆமத்தூரிலிருந்து சில கல் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில், பாஸ்குத் திருவிழிப்புக்கு ஏற்பாடுகள் நடந்தன. உயிர்ப்பு அறிவிக்கப்படும் நேரத்தில் வாணவேடிக்கை நிகழ்த்துவது அவ்வூரின் வழக்கம். பட்டாசு ஆலைகளில் உழைக்கும் குடும்பங்கள் தம் கூலியில் மிச்சம் பிடித்து அளிக்கும் காணிக்கை அது. அதில் அவர்களுக்குள்ள பெருமையை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. முந்திய ஆண்டில் ஒரு பொறி பறந்து வைக்கோற்படப்பில் விழுந்து, நல்ல வேளையாக உடனே அணைக்கப்பட்டது. ஆகவே இம்முறை எங்கே வெடிப்பது என்று ஆலோசனை நடந்தது. ‘கண்மாய்க் கரையில் வைத்துக் கொள்ளலாம், பொறி விழுந்தாலும் நீரில்தான் விழும்’ என்று கூறியவர் நாமே. எல்லாரும் அதனை மெச்சினர். நமக்கும் உள்ளூர மகிழ்ச்சி.

நள்ளிரவில் மணிகள் ஒலித்தன. கரையில் சரவெடிக்குத் தீ வைத்தனர்; பேன்சி வாணங்கள் மேலெழுந்து பூப்பூவாக விரிந்தன. அவ்வெளிச்சத்தில் நாம் நீரைப் பார்த்தோம். இருள் மூடிக் கிடந்த பள்ளத்திலிருந்து, கோடித் துணியை ஒருசேரக் கிழித்தாற் போன்ற ஓர் ஓசை எழுந்தது. ஒளி விரியும் ஒவ்வொரு நொடியிலும் நூற்றுக்கணக்கான சிறகுகள் தெரிந்தன. அணையும்போது கூக்குரல் மட்டும் கேட்டது. அவை ஒரு திசையில் செல்லவில்லை. ஆலயக் கோபுரத்தின் மேலும், கருவேல மரங்களின் மேலும், நம் தலைகளுக்கு மேலும் சுழன்றன. சிறுவர்கள் அதுவும் வேடிக்கையின் பகுதியென்றெண்ணிக் கைதட்டினர். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

விடிந்ததும் சென்று பார்த்தோம். முந்திய மாலை நீலச்சிறகிகள் மட்டுமே இருநூறுக்குக் குறையாமல் இருந்த நீரில் இரண்டு முக்குளிப்பான்கள் மட்டும் இருந்தன. அவை எங்கும் செல்லாத உள்ளூர்ப் பறவைகள். மின்கம்பியின் கீழ் ஒரு நீலச்சிறகி இறந்து கிடந்தது. கையிலெடுத்தபோது அதன் மார்பு தடித்து, மெழுகு போல் மென்மையாக இருந்தது. பயணத்திற்கெனச் சேர்த்த கொழுப்பு. மடைக்குக் காவலிருந்த முதியவர் நம்மைப் பார்த்து, ‘ராத்திரி நல்ல விழாங்க, ஐயா’ என்று மட்டும் கூறினார். கேலியாகக் கூறினாரா, உண்மையாகவே கூறினாரா என்பது இன்றளவும் நமக்கு விளங்கவில்லை.

மற்ற பறவைகள் என்னவாயின என்பதற்கு அயல்நாட்டு ஆய்வுகளே ஓரளவு விடையளிக்கின்றன. நெதர்லாந்து நாட்டு அறிஞர்கள், மழை மேகங்களைக் காணும் ராடார் கருவியைக் கொண்டு மூன்று புத்தாண்டு இரவுகளை ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டனர். பன்னிரண்டு மணி அடித்ததும் வெடிகள் முழங்க, நீர்நிலைகளிலிருந்தும் புல்வெளிகளிலிருந்தும் ஆயிரமாயிரம் பறவைகள் எழுந்து, வழக்கத்திற்கு மாறாக ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் வரை சென்று, முக்கால் மணி நேரம் இறங்காமல் அலைந்தன. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் பீபி என்னும் ஊரில், 2010-ஆம் ஆண்டின் கடைசி இரவில், வெடியோசைக்கு அஞ்சி மரங்களை விட்டெழுந்த கரும்பறவைகள் இருளில் வீடுகளிலும் கம்பங்களிலும் மோதி, ஆயிரக்கணக்கில் தெருவில் விழுந்து மடிந்தன. இருளில் கண் தெரியாத பறவையைக் கலைப்பது, உறங்கும் குழந்தையை எழுப்பிக் கிணற்றடியில் ஓட விடுவதற்கு ஒப்பாகும்.

மற்றொன்றும் அன்று நம் மனத்தில் உறைத்தது. உயிர்ப்புப் பெருவிழாவின் நாள் எவ்வாறு கணிக்கப்படுகிறது? இரவும் பகலும் சமமாகும் மார்ச் 21-ஐ ஒட்டி வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. ஆகவே அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையிலேயே என்றும் அமையும். வடக்கு நோக்கிய பறவைகளின் பயணமும் அதே வாரங்களில்தான். தீபாவளி வெடியோசை அவை வந்து சேரும் காலத்தில் நிகழ்வது. அதனைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் உள்ளனர். புறப்படும் காலத்து வெடியோசையில் நம்முடைய பங்கு பெரிது. அதனைப் பற்றி நாம்தான் பேச வேண்டும்.

பறவைக்காக வெடியைத் துறந்த ஊர்கள் தமிழகத்தில் இல்லாமலில்லை. மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் செல்லும் சாலையை ஒட்டி, சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி என்னும் சிற்றூர்கள் உள்ளன. அவற்றின் மூன்று கண்மாய்களும் சேர்ந்து, சுமார் 38 ஹெக்டேர் பரப்பில், 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மழைக்காலத்தில் கருவேல மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் அரிவாள்மூக்கன்களும் கூடு கட்டும். அவ்வூரார் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வீட்டுச் சுபகாரியங்களிலும் அவ்வாறே. அரசாணைக்கு அஞ்சியன்று, கூட்டிலிருக்கும் குஞ்சு வெடியோசையில் தவறி விழும் என்பதற்காக. வனத்துறையினர் தீபாவளி நாளில் இனிப்பு வழங்கி அவர்களைச் சிறப்பிப்பது வழக்கமாகியிருக்கிறது. வெடி கேட்டு அழும் பிள்ளையைத் தேற்றுவது எவ்வளவு கடினம் என்பதைப் பெற்றோர் அனைவரும் அறிவர். ஓர் ஊரே ஆண்டுதோறும் அதனைச் செய்கிறது! திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தாரும் இவ்வாறே தம் பறவைகளைக் காக்கின்றனர். அங்கே வீட்டு முற்றத்து மரங்களிலேயே சங்குவளை நாரைகள் கூடு கட்டுகின்றன. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்தும் அங்கே குளிர் காலத்தைக் கழிக்கிறது. 1994-இல் அவ்வூர்க் குளம் சரணாலயமாயிற்று.

இவற்றிற்கெல்லாம் மூத்தது வேடந்தாங்கல். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, ஏரியைக் காக்கும் உரிமைக்குச் சாசனம் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு எருவாகிறது என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். அன்பு மட்டுமன்று, நெல்லும் அதில் இருந்தது. அதில் குறை காண நமக்குத் தோன்றவில்லை.

ஆனால் வேடந்தாங்கலில் நெல் பறவையின் பக்கம் நின்றது. நம் பக்கத்திலோ சோறு வெடியின் பக்கம் நிற்கிறது. இந்த வேறுபாட்டை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

இக்கட்டுரைக்கான குறிப்புகளுடன் சென்ற வாரம் விடியற்காலையில் ஆமத்தூர்ப் பக்கம் சென்றிருந்தோம். ஆலைப் பேருந்துக்காகத் தூக்குவாளியுடன் காத்திருந்த ஓர் அம்மையார், கழுத்தில் பைனாகுலர் தொங்க நின்ற நம்மை விசாரித்தார். விவரம் கூறினோம். அவர் சிரித்துவிட்டு, ‘பறவைக்காக வெடி வேண்டாம்னு எழுதப் போறீங்களா, அண்ணாச்சி? 2018-லே கோர்ட்டு உத்தரவு வந்து ஆலைங்க மூடிக் கிடந்தப்போ எங்க வீட்டிலே அடுப்பெரியலே. அதையும் சேத்து எழுதுங்க’ என்றார்.

உண்மைதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்து, பசுமைப் பட்டாசுகளையே செய்ய வேண்டுமென்றும், தீபாவளியன்று இரண்டு மணி நேரமே வெடிக்கலாமென்றும் ஆணையிட்டது. அதன் பின் ஆலைகள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்ததையும், நம் குடும்பங்கள் பட்ட பாட்டையும் இப்பகுதியில் அறியாதவர் இல்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள் முதல், மழை பொய்க்கும் இக்கரிசல் பூமிக்குச் சோறிட்டு வருவது தீக்குச்சியும் திரியும்தாம். கொள்ளுக்குடிப்பட்டியார் வெடி வாங்காவிட்டால் சிவகாசி ஆடிவிடாது. சிவகாசியைச் சுற்றியுள்ளோரே வாங்காமற்போனால், அதற்கு வேறு பொருள் உண்டு.

‘ஓசை இல்லாத மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் இவற்றையே விழாவுக்கு வாங்கலாமே? அவையும் இங்கேதானே ஆகின்றன?’ என்று கேட்டோம். நல்ல வழி கண்டுவிட்டோமென்ற நினைப்பு நமக்கு. அம்மையார் ஒரு கணம் யோசித்தார். ‘நான் சரம் பின்றவ, அண்ணாச்சி. புஸ்வாணம் அடைக்கிறவளுக்குல்ல கூலி போகும்?’ என்றார். பேருந்து வந்தது, ஏறிச் சென்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

ஆகவே வெடியை விடுங்கள் என்று இங்கே எழுதவில்லை. இடத்தை மாற்றுங்கள் என்றே வேண்டுகிறோம். வாங்கும் சரம் அதே சரமாக இருக்கட்டும்; கண்மாய்க் கரையில் மட்டும் வேண்டாம். ஊரின் மறுபுறத்தில், வைக்கோலும் கூரையும் இல்லாத கரிசல் தரிசு எங்கும் உண்டு. முன்னதாகவே செடி செத்தைகளை அகற்றி, இரண்டு பீப்பாய் நீர் வைத்துக்கொண்டால், தீக்கும் அஞ்ச வேண்டியதில்லை. இதனால் பறவைகளுக்குத் தொல்லையே இராது என்று கூற மாட்டோம். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வெடிக்கும் நெதர்லாந்தில் 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் பறவைகள் கலைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வொன்று காட்டியது. நம் சிற்றூரின் அரை மணி நேர வேடிக்கை அத்தகையதன்று. ஆயினும் கரையில் வெடிப்பதற்கும், ஊருக்கு அப்பால் வெடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று வெளிச்சத்தில் கண்ட கண்கள் மறக்கவில்லை.

நாம் குறிப்பிட்ட அச்சிற்றூரில் இவ்வாண்டு ஆலோசனைக் கூட்டத்தில் இதனை முன்வைத்தோம். ஒருவர், ‘போன தடவை கண்மாய்க் கரைன்னு சொன்னதே நீங்கதானே?’ என்றார். ஆம் என்றோம். அவையில் சிரிப்பு எழுந்தது. முடிவு அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் என்று ஒத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இளைஞர்கள் தரிசை அளந்து பார்க்கப் போயிருப்பதாகக் கேள்வி.

கேள்வி எழுப்பிய சிறுவனுக்கு இனி ஒரு வேலை தருகிறோம். விடுமுறை நாளில் விடியற்காலை, கதிரவன் உன் முதுகுப் பக்கம் இருக்குமாறு கரையில் அமர்ந்துகொள். வெள்ளைச் சட்டை வேண்டாம், மண்ணிறம் நல்லது. நாய் உடன் வரலாகாது. பைனாகுலர் இல்லையென்று வருந்தாதே. வெறுங்கண்ணுக்கு வெண்புருவம் நன்றாகவே தெரியும். ஒரு நோட்டில் தேதி, நேரம், எத்தனை பறவை என்று மட்டும் எழுது. பெயர் தெரியாததற்கு உருவத்தை வரைந்து வை. க. ரத்னம் எழுதிய ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ பள்ளி நூலகத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பார். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. சிறுவரும் அதில் பங்கு பெறுகின்றனர். நம் மாவட்டக் கண்மாய்கள் பலவற்றுக்கு எண்ணிக்கை எழுதுவாரில்லை. உன் நோட்டு அதற்குப் பயன்படும்.

அந்தியிலும் ஒரு நாள் செல். துணைக்குத் தாத்தாவை அழைத்துக்கொள். புறப்படும் நாள் நெருங்கிவிட்டால் நீலச்சிறகிகள் மாலையில் அமைதியிழக்கும். ஒரு கூட்டம் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் அமரும், மற்றொன்று எழும். நேற்று மாலை நாமும் மடைக்காவல் முதியவரும் அவ்வாறு பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் மங்கியபின், முப்பது நாற்பது பறவைகள் எழுந்து இரு முறை கண்மாயைச் சுற்றின. மூன்றாவது சுற்றில் அவை இறங்கவில்லை. வடக்கே, விருதுநகர் விளக்குகளுக்கு மேலாக, ஒரு கோடு போலச் சென்று மறைந்தன. முதியவர் துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு, ‘இன்னும் நூத்தம்பது கிடக்கு, ஐயா. ஈஸ்டர் வரைக்கும் தாங்குமான்னு பாப்போம்’ என்றார்.